மூன்று ராஜாக்களுக்கு ஒரு சார்ஜர்

சார்ஜர் வாங்கும்போது கையில் தூக்கிப் பார்த்து வாங்க வேண்டும், ஐயா. கனமாக இருந்தால் உள்ளே டிரான்ஸ்பார்மர் இருக்கிறது என்று அர்த்தம். இலேசாக இருந்தால் இல்லை. அட்டைப்பெட்டியில் என்ன அச்சடித்திருந்தாலும் அதை நம்பக் கூடாது.

தாள் கொடுத்து, நடந்ததை என் கையாலேயே எழுதச் சொன்னீர்கள். தினமும் நாட்குறிப்பு எழுதிப் பழகியவன் என்பதால் அது எனக்குச் சிரமமில்லை. ஆனால் எழுதியதைத் திரும்பப் படித்தால் சரியாகத்தான் எழுதினோமா என்று சந்தேகம் வந்துவிடும். அடித்து எழுதுவேன். அடித்தல் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் மரியசூசை. பகலில் அரூரில் ஓர் உரக்கடையில் வேலை. சாயங்காலம் அங்கேயே ரேடியோ மெக்கானிக் வகுப்புக்குப் போகிறேன். எங்கள் ஊர்க் கோயில் சின்னது. சாமியார் ஞாயிற்றுக்கிழமையும் திருநாளும் மட்டுமே வருவார். அதனால் கிறிஸ்துமஸ் குடிலை நாங்களே கோயில் முகப்பில் போடுவோம்.

அந்தக் குடிலில் எனக்கு ஒரு வேலை இருந்தது. மூன்று ராஜாக்கள் பொம்மையைக் கிறிஸ்துமஸ் அன்று குடிலின் கடைக்கோடியில் வைப்போம். தினமும் ஒரு ஜாண் நகர்த்திக்கொண்டே வர வேண்டும். ஜனவரியில் ராஜாக்கள் திருநாளன்று அவர்கள் குழந்தை இயேசுவின் முன்னால் வந்து நிற்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலிருந்து நகர்த்துகிறவன் நான்தான். அதை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. ஆனால் வேறு யாரும் தொடவும் மாட்டார்கள். "சூசையண்ணன் வந்தாத்தான் ராஜா நடப்பாரு" என்று பிள்ளைகள் சொல்லும். ஊரில் என்னைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னார்கள் என்றால் அது ஒன்றுதான்.

இன்னொரு வேலை இன்னாசியம்மாள் பெரியம்மாவுடையது. குடிலில் பச்சைப் புல் மாதிரித் தெரிவதற்காகத் தட்டுகளில் கேழ்வரகை விதைத்து முளைக்க விடுவோம். விடியும்போது செம்பில் தண்ணீரோடு வந்து அதற்கு ஊற்றுவது அவர். கோயில் என்பதால் வெறுங்காலோடுதான் வருவார். ஊற்றி முடித்ததும், சாய்ந்து கிடக்கும் பொம்மைகளை நிமிர்த்தி, தொட்ட விரலை உதட்டில் வைத்து முத்திக்கொள்வார். ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும்.

அவருடைய மகன் சவரிமுத்து சவுதியில் டிரைவர். இந்தக் கிறிஸ்துமஸுக்கு லீவில் வந்தான். வரும்போது ஒரு ரிமோட் கார் கொண்டுவந்தான். சின்னப் பிள்ளைகள் விளையாடுகிற சாமான் இல்லை. அங்கே பெரிய ஆட்களே மைதானத்தில் பந்தயம் விடுகிற கார். அடியில் அலுமினியத் தகடு, ரப்பர் டயர், கையில் ஏரியல் நீட்டிய ஒரு பெட்டி. அதை ஓட்டிக் காட்டியபோது நானும்தான் வாய் பிளந்து பார்த்தேன். நல்ல கார். அதைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை.

குடில் போடும்போது அவன் சொன்னான்: "டேய் சூசை, வருசா வருசம் ராஜாவ ஜாண் ஜாணா தள்றியே, உனக்கு முதுகு நோவலையா? கார் மேல ஏத்தி வுட்ரலாம்டா. பட்டன அமுக்கினா போய்க்கிட்டே இருப்பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். குப்புராஜ் மாமா, "ராஜாவுக்கே டாக்சி வந்துருச்சுப்பா, இனிமே சூசைக்கு ரிட்டயர்மெண்டு" என்றார். சாமியாரும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும், செய்யுங்கள் என்றார்.

பெரியம்மா மட்டும், "சிரிக்காதீங்கடா. அவன் தள்ளுன வருசமெல்லாம் ராஜா நேரத்துக்கு வந்து சேர்ந்தாரு இல்ல?" என்றார். பிறகு என்னிடம், "நீ ஒண்ணும் நெனச்சுக்காத கண்ணு" என்றார். நான் ஒன்றும் நினைக்கவில்லை என்றேன். எனக்கு அந்த மாதிரி நேரத்தில் பேச வராது. வகுப்பிலும் அப்படித்தான், விடை தெரிந்தாலும் கை தூக்க மாட்டேன்.

காரோடு வந்த சார்ஜர் அந்த நாட்டுக் கரண்டுக்கு, நம்முடையதில் பாதி வோல்டேஜுக்குச் செய்தது. சவரிமுத்து அதை நம் ஊர்க் கரண்டில் செருகினான். புகைந்துபோயிற்று. செருகுவதற்கு முன்னால் அதன் முதுகில் எழுதியிருந்ததை நான் படித்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்காமல் சொன்னால், உனக்கு என்னடா தெரியும் என்பார்கள்.

மறுநாள் என்னிடமே பணம் கொடுத்து, "நீதான் கரண்டு படிக்கிற. நல்லதா ஒண்ணு பாத்து வாங்கியா" என்றான். தாராளமாகத்தான் கொடுத்தான்.

அரூர் கடைவீதியில் அன்வர் பாஷா பாயின் ரேடியோ கடைக்குப் போனேன். அவர் இரண்டு சார்ஜர் எடுத்து வைத்தார். ஒன்று பெங்களூரிலிருந்து வந்தது, செங்கல் மாதிரிக் கனம். மற்றது யாரோ உள்ளூரில் கட்டியது, சோப்பு டப்பா மாதிரி இலேசு.

"தம்பி, கனமானத எடுத்துக்கோங்க. இலேசுல டிரான்ஸ்பார்மர் கெடையாது. வூட்டுக் கரண்டு நேரா பேட்டரி வரைக்கும் வந்து நிக்கும். சார்ஜ் ஏர்றப்ப கை வச்சா அவ்வளவுதான்" என்றார்.

"தெரியுங்க பாய்" என்றேன்.

"தெரிஞ்சவங்களுக்குத்தான் இதக் குடுக்குறது."

இரண்டையும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்தேன். வழக்கமாக ஒரு பேனா வாங்குவதற்கே திரும்பிப் போய் மறுபடி வருகிறவன் நான். அன்று அவ்வளவு நேரம் ஆகவில்லை. இலேசானதை வாங்கிக்கொண்டேன். மீதிப் பணத்தைச் சவரிமுத்துவிடம் கொடுத்துவிட்டேன். அது சீக்கிரம் கெட்டுப்போகும், கார் ஓடாது, என்னைக் கூப்பிடுவார்கள் என்று நினைத்துத்தான் வாங்கினேன். இது உண்மை. வாங்கும்போது அவ்வளவுதான் நினைத்தேன்.

ராஜாக்களைக் காரின் மேல் கட்டுக்கம்பியால் கட்டச் சொன்னார்கள். கட்டினேன். கம்பியை அடித்தகட்டோடு சேர்த்து முறுக்கினால்தான் பொம்மை ஆடாது. பொம்மையைக் கழற்ற முடியாது என்பதால் காரைக் குடிலுக்குள்ளேயே வைத்து, கேழ்வரகுத் தட்டுகளுக்கு நடுவில், இரவெல்லாம் சார்ஜ் ஏற்றினார்கள்.

சார்ஜருக்கு இரண்டு முள் பிளக். எந்தப் பக்கமாகவும் செருகலாம். முதல் சாயங்காலம் வகுப்பு முடிந்து வந்து, டெஸ்டரை அந்தக் கம்பியில் வைத்துப் பார்த்தேன். எரிந்தது, கம்பியில் கரண்டு வருகிறது. பிளக்கைத் திருப்பிச் செருகிவிட்டு வைத்தேன். எரியவில்லை.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் வந்து பார்த்தேன். சவரிமுத்து தப்பாகச் செருகியிருந்தால் திருப்பிவிடுவேன். யாரிடமும் சொல்லவில்லை. விடிந்ததும் பெரியம்மா வந்து தண்ணீர் ஊற்றி, ராஜாவைத் தொட்டு முத்திக்கொண்டு நல்லபடியாக வீட்டுக்குப் போவார். நான் உரக்கடைக்கு பஸ் ஏறுவேன். அந்த நாட்களில் மனசு நிறைவாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ராஜாக்களை நகர்த்தியபோதுகூட அப்படி இருந்ததில்லை.

திருநாளுக்கு முந்தின சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் சவரிமுத்துவிடம், "நாளைக்கு அந்தப் பெட்டியை ஒரு தடவை நான் பிடிக்கட்டுமா? கடைசி ஒரு ஜாண் மட்டும்" என்று கேட்டேன். அவ்வளவு பேச எனக்கு மூன்று நான்கு நாள் யோசனை தேவைப்பட்டது.

"நீ வகுப்புல எதாச்சும் அமுக்கிப் பழகிட்டு வாடா, அடுத்த வருசம் பாக்கலாம்" என்றான். தோளில் தட்டித்தான் சொன்னான். கெட்டவன் இல்லை.

அன்று பிளக்கைப் பார்க்காமல் வந்துவிட்டேன் என்று முதலில் எழுதியிருந்தேன். மேலே அடித்திருப்பது அதுதான். பார்த்தேன். அன்று சவரிமுத்து சரியாகத்தான் செருகியிருந்தான். டெஸ்டர் எரியவில்லை. பிளக்கைப் பிடுங்கி, திருப்பிச் செருகினேன். மறுபடி டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். எரிந்தது. ஸ்டார் விளக்கெல்லாம் அணையாமல் நன்றாக இருந்தது.

யார் தொடுவார்கள் என்று தெரியாது என்று எழுதலாம்தான். சவரிமுத்து தொட்டிருந்தால் கையை உதறிவிட்டுச் சிரித்திருப்பான். கார் அங்கேயே இருந்திருக்கும். அவன் அம்மாவுக்கு ஷாக் அடித்தால்தான் காரை எடுப்பான். நன்றாக யோசித்தால் வேறு வழி இருப்பதாக எனக்குப் படவில்லை. கொஞ்சம் அடிக்கும், பயந்துவிடுவார், அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

ஆனால் ஈரக்கை, ஈரத்தரை, வெறுங்கால் இந்த மூன்றும் சேர்ந்தால் ஆள் பிழைப்பது கஷ்டம் என்பது எங்கள் வகுப்பில் முதல் வாரப் பாடம். அந்தப் பரீட்சையில் நான் நல்ல மார்க் வாங்கினேன்.

காலையில் அழுகுரல் கேட்டு நானும் ஓடினேன். மெயின் சுவிட்சை அணைத்தது நான்தான். வேறு யாருக்கும் தோன்றவில்லை. பெரியம்மாவின் கை ராஜாவைக் கட்டிய கம்பியின் மேலேயே இருந்தது. விரலைப் பிரித்து எடுத்ததும் நான்தான். சவரிமுத்து காரைத் தரையில் அடித்து உடைத்து, "எங்காத்தாவ நானே கொன்னுட்டனே, நானே கொன்னுட்டனே" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டான். அது சரியில்லை என்று எனக்குப் பட்டது. அவனுக்கு அதில் ஒன்றுமே தெரியாது.

விபத்து என்று எழுதி முடித்துவிட்டதாகச் சொன்னீர்கள். நானாக வந்து ஸ்டேஷனில் நின்றது ஏன் என்று கேட்டீர்கள். அடக்கத்தின்போது குப்புராஜ் மாமா பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார்: "பாவம், சூசை அரைகுறையாப் படிச்சவன். நல்லது கெட்டது தெரியாம எதையோ வாங்கியாந்துட்டான்." எல்லோரும் தலையை ஆட்டினார்கள். வகுப்பு வாத்தியாரும் கேள்விப்பட்டு அப்படியே சொன்னாராம். இரண்டு நாள் தூக்கமில்லை. சொன்னவர்களிடம் வாயைத் திறந்து மறுக்கவும் என்னால் முடியவில்லை.

அதனால் இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். தெரியாமல் வாங்கவில்லை. தப்பாகச் செருகவில்லை. இரண்டு தடவை டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போனேன். எதிலும் சந்தேகப்படுகிற எனக்கு அன்று சந்தேகமே வரவில்லை.

ராஜாக்களில் இரண்டு பேர் உடையாமல் இருக்கிறார்கள். திருநாள் நின்றுபோனதால் இன்னும் போய்ச் சேரவில்லை. இங்கே வருகிற வழியில் கோயிலுக்குப் போய், குழந்தையின் முன்னால் எடுத்து வைத்துவிட்டு வந்தேன். கேழ்வரகுப் பயிர் வாடிக் கிடக்கிறது. யாரையாவது தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள், ஐயா. இப்போது பயமில்லை, நான் பார்த்துவிட்டேன்.