தரைப்பாலத்துக்கு ஆள் வேண்டும்

ராத்திரி பதினொன்றரை. ஆற்றங்கரை ரோடு. பேருக்குக்கூட ஒரு விளக்குக் கம்பம் கிடையாது... என் சிநேகிதனின் சித்தப்பாவுக்கு நடந்தது இது. ஏய், கதவோரம் இருக்கிறவனே, பயமாக இருந்தால் இப்போதே உள்ளே தள்ளி உட்கார்.

சித்தப்பா அரசாங்க ஆடிட்டர். வீண் செலவைக் கண்டுபிடித்து வெட்டுவது அவர் வேலை. நல்ல வேலைதான். டைப்ரைட்டரே இல்லாத ஆபீசில் டைப்ரைட்டர் மெக்கானிக் ஒருவர் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார் என்றால் பாருங்களேன்! அதே பட்டியலில் ஒரு காவலாளி. மழை ராத்திரிகளில் தரைப்பாலத்தருகே சிவப்பு விளக்கோடு நின்று, வெள்ளம் ஏறினால் வண்டிகளை நிறுத்துகிறவர். சித்தப்பா பதிவேட்டைப் புரட்டினார். பத்து வருடமாக ஒரு விபத்தும் இல்லை. ‘தேவையற்ற பணியிடம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நேரில் போய்ப் பார்க்கவில்லை.

அடுத்த மழையில் ஒரு கார் ஆற்றோடு போனது. அப்பா, அம்மா, ஐந்து வயதுப் பெண். பேப்பரில் போட்டோ வந்தது.

அந்த வருடக் கடைசியில் சித்தப்பா அதே வழியாகத் தனியாக வந்தார். கொட்டுகிற மழை. வைப்பர் டக்... டக்... திடீரென்று ஹெட்லைட்டில் மூன்று பேர். கைகோத்து ரோட்டை மறித்து நிற்கிறார்கள். பிரேக்கை மிதித்தார். குப்பென்று சேற்று வாடை. அவர்களுக்குப் பின்னால் பாலமே தெரியவில்லை, தண்ணீர்தான். போட்டோவில் பார்த்த அதே முகங்கள்...

அந்த அம்மா ஜன்னலருகே வந்தாள்.

“எங்கள நிறுத்த ஆள் இல்ல சார். அதான் நாங்களே நிக்கிறோம். சீக்கிரம் ஆள் போடச் சொல்லுங்க. பாப்பாவுக்குக் குளிருது.”

சித்தப்பா வண்டியைத் திருப்பிக்கொண்டு பறந்தார். “நான்தான்டி கொன்னேன்” என்று வீட்டுக்கு வந்து சித்தியிடம் அழுதாராம். தப்பு என்னுடையது, காவலாளியைத் திரும்பப் போடுங்கள் என்று மூன்று முறை மேலே எழுதினார். மூன்று முறையும் ஒரே பதில். அந்த ஒரு காருக்குப் பிறகு அங்கே விபத்தே இல்லையே, ஆள் எதற்கு?

இப்போது ரிட்டயர் ஆகிவிட்டார். மழை பிடித்தால் சிவப்பு விளக்கோடு கிளம்பிவிடுவார். “நான் பாத்துக்கறேம்மா, நீங்க போங்க” என்று கெஞ்சுவாராம். “ஆர்டர் வந்துருச்சா சார்?” என்று அந்த அப்பா கேட்பாராம். “இன்னும் வரலங்க” என்று இவர் விளக்கைத் தூக்கிப் பிடிப்பார். குழந்தை மட்டும் ஒன்றும் கேட்காது. இவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டு நிற்கும், விடியும்வரை...

போன மாதம் அவரைப் பார்த்தேன். மண்டையைப் பிளக்கிற வெயில். என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். நாலு விரல் சுட்டது.

ஒன்று மட்டும் ஐஸ்.