இறுக்கமான குழாய்

இதனால் ஹாலிஸ் வட்டாரப் பெருமக்கள் அனைவருக்கும், முதல்முறையாகப் பம்ப் ஷாட்கன் வாங்கவிருக்கும் கனவான்களுக்கு முக்கியமாகவும், மிகுந்த பொறுப்புடன் அறிவிப்பது என்னவென்றால்: துப்பாக்கியைப் பார்த்து மயங்காதீர்கள். அதன் வாயில் திருகுகிற சோக் குழாயைப் பாருங்கள்.

விரல் நீளம்தான் இருக்கும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும்போது ரப்பர் குழாயின் நுனியை அழுத்துகிறோமே, அந்தக் கதைதான். அகலமான குழாய் போட்டால் தோட்டாவிலிருந்து பாயும் ஈய ரவை விரிந்து போகும். காடைக்கு, முயலுக்கு நல்லது. இறுக்கமான குழாய் போட்டால் ரவையெல்லாம் ஒரு பிடியாகச் சேர்ந்து போகும். தூரத்தில் நிற்கும் வான்கோழியின் கழுத்துக்கு நல்லது. என் துப்பாக்கிக் கடையின் கவுண்டருக்குப் பின்னால் நின்று பாதி ஆயுள் இதையே சொல்லியாகிவிட்டது. வாய்தான் வலிக்கிறது.

மார்சி டில்லர்டிடமும் இங்கிருந்துதான் ஆரம்பித்தேன். அவள் எங்கள் ஷெரிஃபின் துணை அதிகாரி. ஒரு கொலையைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன் என்றதும், வாயிலிருந்த டோனட்டை மென்று முடித்துவிட்டு உட்காரச் சொன்னாள்.

செத்தவர் கார்லண்ட், என் தங்கை நடீனின் கணவர். வான்கோழி போலக் குரல் கொடுப்பதில் மிசூரியின் இந்த மூலையில் அவரை அடிக்க ஆள் கிடையாது. நல்ல மனிதர். குடி இல்லை, கைநீட்டியதில்லை, கேட்டவர்களுக்கு உதவினார், கேட்காதவர்களுக்கும் உதவினார். ஒரே ஒரு பழக்கம், விளக்குவார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நடீன் வீட்டில் சாப்பிடுவது எங்கள் வழக்கம். நான் தனிக்கட்டை, வேறு போக்கிடமும் இல்லை. பொரித்த கோழி மேசைக்கு வரும்போது வான்கோழிப் பெட்டையின் குரலை விளக்க ஆரம்பிப்பார். மசித்த உருளைக்கிழங்கு காலியாகும்போது சேவலின் குரலுக்கு வந்திருப்பார். ஆப்பிள் பை வெட்டும்போது அந்தக் குரலை எழுப்பியே காட்டுவார். அலமாரியில் கண்ணாடிக் குவளைகள் அதிரும். நான் இடையில் எதையாவது சொல்ல வாயைத் திறந்தால், “மச்சான், நீ குழாய் விக்கிறவன். உனக்குக் காது எதுக்கு?” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நடீன்தான் அதிகம் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். எனக்குக் கோபம் வந்ததே இல்லை, இதை மார்சியிடம் இரண்டு தடவை சொன்னேன். அசதி, அவ்வளவுதான். தலையணை எங்கே என்று தேடுகிற மாதிரியான அசதி.

அப்போதுதான் வெண்டல் ஆஷ்கிராஃப்ட் கடைக்கு வந்தார். செயின்ட் லூயிஸில் காப்பீட்டுக் கம்பெனி ஒன்றில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்று, ஏரிக்கரையில் வீடு கட்டிக் குடிவந்தவர். உடம்பில் காட்டு நிற உடுப்பு, மடிப்புக் கலையவில்லை. ஜென்மத்தில் ஒரு குருவியைக்கூடச் சுட்டவர் அல்ல. ஆனால் சோக் குழாயைப் பற்றி எனக்கே வகுப்பெடுத்தார். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, கடையிலேயே மிக இறுக்கமான குழாயை எடுத்து வைத்தேன். நானே மாட்டித் தருகிறேன், அதற்கென்று தனித் திருகுசாவி இருக்கிறது என்றேன்.

“ஆரின், நான் முப்பது வருஷம் ஆபத்தைக் கணக்குப் போட்டே சம்பளம் வாங்கினவன். ஒரு திருகாணிய எனக்குத் திருகத் தெரியாதா?” என்று சொல்லிப் பொட்டலத்தைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

முதலில் ஒரு காகிதத்தைக் குறியாக நட்டுச் சுட்டுப் பாருங்கள், ரவை எப்படி விழுகிறது என்று தெரியும், எல்லோரும் செய்வதுதான் என்றேன். அது சின்னப் பிள்ளைகளுக்கு என்றார். வெளியே போகும்போது, என்னிடம் வாங்கிய புதுத் துப்பாக்கியின் முனையைக் கதவில் இடித்துக்கொண்டார். யோசனை எனக்கு முழுதாகப் பிடிபட்டது அந்தச் சத்தத்தில்தான் என்று நினைக்கிறேன்.

எங்கள் காட்டில் இரண்டு விதிகள் உண்டு. செருப்பு வார் கட்டப் பழகுமுன் பிள்ளைகள் இவற்றைப் பழகிவிடும். வசந்தகால வேட்டையில் சேவலைத் தேடிப் போகக்கூடாது. மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து பெட்டையின் குரலில் கூப்பிட்டால் அது தானே வரும். இரண்டாவது, காட்டுக்குள் சேவலின் குரலை மட்டும் எழுப்பவே கூடாது. கேட்கிற துப்பாக்கியெல்லாம் அந்தப் பக்கம் திரும்பும். இதை ஊருக்கே போதித்தவர் கார்லண்ட். வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் சுட்டுவிரலை ஆட்டி ஆட்டிச் சொல்வார். ஆனால் இரண்டாவது விதி மற்றவர்களுக்கு என்பது அவருடைய எண்ணம்.

அந்த ஞாயிறு கோழித் துண்டை எடுத்துக்கொண்டே சொன்னேன்: “ஸ்கின்னர் பள்ளத்துல ஒரு கிழட்டுச் சேவல் இருக்காமே, உங்க குரலுக்கு மசிய மாட்டேங்குதாம். கார்லண்டுக்குச் சேவல் குரல் முன்ன மாதிரி எழும்பலன்னு பேசிக்கிறாங்க.” யாரும் அப்படிப் பேசவில்லை. கார்லண்ட் முள்கரண்டியைக் கீழே வைத்தார். அன்றைக்கு விளக்கம் எதுவும் வரவில்லை. நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் வெண்டல் தோட்டா வாங்க வந்தார். ஸ்கின்னர் பள்ளத்தில் விடியற்காலை ஒரு சேவல் பிரமாதமாகக் கத்துகிறது, யாரும் இன்னும் அடிக்கவில்லை என்று அவரிடம் சொல்லிவைத்தேன். சத்தம் கேட்டால் எழுந்து போய்விடாதீர்கள், உட்கார்ந்தே இருங்கள் என்றும் சொன்னேன். நான் பொறுப்புள்ள வியாபாரி. வெண்டலிடம் ஒன்றைச் செய்யாதே என்று சொன்னால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும்.

வேட்டைப் பருவம் தொடங்கிய அன்று வழக்கம்போலக் கடையைத் திறந்தேன். காப்பி இறங்குவதற்குள் செய்தி வந்துவிட்டது: ஸ்கின்னர் பள்ளத்தில் சேவல் குரல் எழுப்பிய கார்லண்டை, வான்கோழி என்று நினைத்து வெண்டல் சுட்டுவிட்டார்.

விபத்து என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. வெண்டலைச் சிறைக்கு அனுப்பவில்லை. அங்கேதான் என் கணக்கு தவறியது. அவர் ஒடிந்துபோய் செயின்ட் லூயிஸுக்கே திரும்பிவிடுவார் என்று நினைத்திருந்தேன். அவரோ மனம் திருந்திவிட்டார். தேவாலயம் தேவாலயமாகப் போய், பெரிய திரையில் படம் போட்டு, தன் குற்றத்தைப் பற்றிப் பேசுகிறார். பெண்கள் கைக்குட்டையைத் தேடுகிறார்கள். நடீன் முன்வரிசையில் உட்கார்ந்து அவரை மன்னித்தாள். பிறகு ஞாயிறு சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். கார்லண்டின் நாற்காலியில்தான் அவருக்கு இடம். கோழி வரும்போது ஆரம்பிக்கிறார்: “அந்த ஒரு நொடி இருக்கே, ஆரின், அதை அனுபவிச்சவனுக்குத்தான் தெரியும்.” ஆப்பிள் பை வெட்டும்போதும் அந்த நொடி முடிந்திருக்காது.

நடீனுக்கு உண்மை தெரியவேண்டும், அதற்காகத்தான் வந்தேன் என்று மார்சியிடம் சொன்னேன். வெண்டல் வெறும் விரல், கொன்றது நான். சாதாரணக் குழாய் இருந்திருந்தால் ரவை சிதறிப்போயிருக்கும். கார்லண்ட் கன்னத்தில் நாலு ரவையோடு எழுந்து வந்து, அதை இன்னும் இருபது வருடம் மேசையில் விளக்கியிருப்பார். அந்த இறுக்கமான குழாயைத் தேர்ந்தெடுத்தவன் நான், தெரிந்தே தேர்ந்தெடுத்தேன், வட்டாரத்தில் வேறு யாருக்கும் அந்த அறிவு கிடையாது. கையெழுத்துப் போடத் தயார் என்றேன்.

“முடிஞ்சுதா?” என்றாள் மார்சி. விரலில் ஒட்டியிருந்த சர்க்கரையைத் துடைத்துக்கொண்டாள். “வான்கோழி எங்க இருக்குன்னு பொய் சொன்னதுக்கு உள்ள போடணும்னா, இந்த ஊர்ல ஒரு ஆம்பளையும் வெளிய இருக்க முடியாது.”

“குழாய்?” என்றேன்.

எழுந்து போய் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தாள். “வெண்டல் உட்காரவே இல்ல, ஆரின். சத்தம் வந்த பக்கமா முட்டி போட்டு ஊர்ந்து போயிருக்காரு. சுடும்போது ரெண்டு பேருக்கும் நடுவுல என் பிக்கப் வண்டிய நிறுத்தலாம், அவ்வளவுதான் இடம். அந்தக் கிட்டத்துல எந்தக் குழாயா இருந்தா என்ன? துப்பாக்கில இருந்தது கம்பெனி மாட்டி அனுப்பின சாதாரணக் குழாய்.” பெட்டிக்குள் துழாவி ஒரு சிறிய பொட்டலத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள். “இது அவர் சட்டைப்பைல கிடந்துச்சு. ஞாயித்துக்கிழமை பாப்பீங்கல்ல, குடுத்துடுங்க.”

கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். ஒரு பக்கம் எங்கள் கடையின் விலைச்சீட்டு இருந்தது.

பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவே இல்லை.