பென்சிலில் எழுதிய எண்கள்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் பேனாவுக்கு மரியாதை கிடையாது. கண்ணாடித் தகட்டில் மையால் எழுதினால், ஸ்பிரிட்டில் முக்கி எடுக்கும்போது எழுத்து கரைந்துபோகும். அதனால் நோயாளியின் எண்ணைப் பென்சிலால்தான் எழுதுவோம். முப்பத்தொரு வருஷமாக எழுதுகிறேன். நீங்கள் வாக்குமூலத்தைக் குறித்துக்கொள்ள வசதியாக மெதுவாகவே சொல்கிறேன், தம்பி. கை வலித்தால் நிறுத்தச் சொல்லுங்கள்.

என் தங்கைக்குப் பெருங்குடலில் புற்று. கட்டியை வெட்டி எடுத்தபின் என் வீட்டில்தான் இருந்தாள். அம்மா போனதிலிருந்து அவளை வளர்த்தவள் நான். மறுபடியும் குளிப்பாட்டினேன், தலை வாரிவிட்டேன்.

“உப்புச் சப்பில்லாம போட்டே கொல்றியேக்கா. உங்கிட்டேருந்து தப்பிக்கவாவது நான் சீக்கிரம் குணமாகணும்” என்பாள்.

நானும் சிரிப்பேன். தேறியதும் மகளோடு தனி வீட்டுக்குப் போய்விடுவதாகப் புதுப் பெட்டியே வாங்கி வைத்திருந்தாள்.

அவளுடைய சதைத்துண்டு எங்கள் கூடத்துக்கே வந்தது. காயம் பட்டால் அந்த இடம் சிவந்து வீங்கும் அழற்சிக்கு உடம்பு சைகை கொடுக்கும்; ஆறியதும் அடங்கும். சில கட்டிகளில் ஒரு மரபணு மாறியிருக்கும். அங்கே சைகை அடங்காது. வாசலில் ஆளே இல்லாமல் அழைப்பு மணி அடித்துக்கொண்டே இருக்கிற மாதிரி. அந்தச் சத்தத்தில்தான் புற்று திரும்ப வளரும். அப்படிப்பட்டவர்களுக்கு மட்டும் எங்கள் டாக்டர் தினம் ஒரு மாத்திரை கொடுத்துவந்தார். பலருக்கு நோய் திரும்பவில்லை.

மற்றவர்கள் பார்ப்பதற்கு முன்பே தங்கையின் துண்டை நானே சோதித்தேன். மரபணு மாறியிருந்தது. அதே தட்டில் ஒரு பஸ் டிரைவரின் தகடும் இருந்தது. அவருக்கு மாறவில்லை. இரண்டு எண்களையும் ரப்பரால் அழித்து, இடம் மாற்றி எழுதினேன். பிறகு முறைப்படி சோதனைக்கு அனுப்பினேன். அரை நிமிஷ வேலை.

மாத்திரை டிரைவருக்குப் போனது. அந்த மாத்திரையால் இரைப்பையில் ரத்தம் கசிந்து இறந்துவிட்டார் என்கிறீர்கள். அவருடைய சதையைப் பதித்து வைத்திருந்த மெழுகுக் கட்டியை மறுபடி வெட்டிப் பார்த்துத்தானே என்னைத் தேடி வந்தீர்கள். நல்ல மனிதராம். நான் பார்த்ததில்லை.

எட்டாவது மாதம் தங்கைக்கு ஈரலில் வந்தது. பெட்டியைப் பரணில் ஏற்றினேன். இப்போதெல்லாம் உப்பைப் பற்றி அவள் பேசுவதில்லை. “உனக்குத்தான் எவ்வளவு சிரமம்க்கா” என்று என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். சின்ன வயதில் அப்படித்தான் பிடிப்பாள்.

இனி அந்த மாத்திரை கொடுத்துப் பயனில்லை என்று டாக்டர் சொன்னாராமே. அது எனக்கு முன்பே தெரியும்.

ஆமாம், எண்களை மாற்றியவள் நான்தான். தெரிந்தேதான் மாற்றினேன். கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்; கொஞ்சம் சீக்கிரம் அனுப்பிவிடுங்கள், தம்பி. மூன்று மணிக்குத் தங்கையைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். அவள் மகள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள், அவளிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள். பாவம், சின்னப் பெண், அதற்கு என்ன தெரியும்?

என்னை விட்டால் என் தங்கைக்கு யார் இருக்கிறார்கள்?