நாலாவது ஊசிக்குப் போகிற வழியில்

"...எந்திரிச்சு நின்னு, 'நல்லாருக்கீங்களாம்மா'ன்னு அத்தனை மரியாதையாக் கேக்கற டாக்டருகிட்ட, மூணு நாளா வாந்தின்னு எப்படிக்கா சொல்றது?"

காந்திபுரம் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டிலிருந்து வந்தது இந்தப் பேச்சு. அக்காளும் தங்கையும். தங்கைக்குத்தான் புற்றுநோய், முடி கொட்டிய தலையில் முக்காடு, மடியில் ஆஸ்பத்திரி ஃபைல். நாலாவது ஊசிக்குப் போகிறார்கள்.

"அப்ப என்னதான் சொன்னே?"

"நல்லாருக்கேனுங்கன்னு சொல்லிப்போட்டேன்."

"மூணு தடவையுமா?"

"மூணு தடவையுந்தான்."

அக்காள் தங்கையின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"ஏங்கண்ணு, அவரென்ன சம்பந்தி ஊட்டுக்காரரா, மனசு நோகுமுன்னு பாக்கறதுக்கு? பக்கத்துக் கட்டில்காரம்மாளுக்கு, ஊசிக்கு முன்னாலயே வாந்தி வராம இருக்கறதுக்கு வேற மருந்து குடுத்தாங்களாமா. சாயங்காலமே ரெண்டு இட்லி தின்னுச்சாமா. நீ சொன்னாத்தானே உனக்கும் மாத்திக் குடுப்பாரு?"

"என்னால முடியலக்கா. இப்படியே ஊட்டுக்குத் திரும்பிறலாம்."

"திரும்பலாம். அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுத் திரும்பலாம்."

"அவரு மூஞ்சியப் பாத்தா வாயே வராதுக்கா."

அக்காள் பையைத் துழாவி ஒரு பேனாவை எடுத்து நீட்டினாள். தங்கை அதை வாங்கி, பஸ் குலுங்கக் குலுங்க, ஃபைல் அட்டையின் மேல் ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்: 'ஐயா, வாந்தி நிக்கலீங்க. தப்பா நெனைக்காதீங்க.' பிறகு எழுத்து வெளியே தெரியும்படி ஃபைலைத் திருப்பி, நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.