மார்லிஸ் வைத்த அளவு

— என்ன ஒடாலிஸ், இன்னிக்கும் கருகின வாடை வருது?

— வராம என்ன செய்யும்? புகைஞ்சு, சீறி, கடைசியில ரெண்டு சொட்டு தார் வந்திருக்கு. எங்க ஊர் டாம்பாவுல கண்ணை மூடிட்டு இதே குட்டிப் பாத்திரத்துல காபி போடுவேன். உங்க டுலூத் குளிருக்கு அதுக்கும் நெஞ்சடைச்சுப் போச்சு. உன் காபி எப்படி, வெர்ன்?

— பரவாயில்லை.

— உனக்கு எதுதான் பரவாயில்லாம இருந்திருக்கு, கிழவா? வீடு பத்தி எரிஞ்சாலும் இந்த ஊர்க்காரங்க, இன்னிக்குக் கொஞ்சம் கதகதப்பா இருக்குன்னுதான் சொல்லுவீங்க.

— வண்டியில உன் பெட்டியை ஏத்திட்டேன். எஞ்சின் குளிர்ல உறைஞ்சு போகாம சூடாகறதுக்குக் கரண்ட் ஒயரும் சொருகியாச்சு. பஸ் பத்து மணிக்குத்தானே?

— பத்துக்குத்தான். ஏன் போறேன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டியா?

— குளிர். அது யாருக்குமே...

— குளிராவது மண்ணாவது. இன்னொரு கம்பளிச் சட்டை போட்டா தீர்ந்தது. ஏரியில பனி உருகற வரைக்கும் சேர்ந்து இருந்து பார்ப்போம், பிடிச்சா கட்டிக்குவோம்னு நீதான் கூப்பிட்டே. வந்தேன். ஆனா இது இன்னும் உன் பொண்டாட்டி வீடுதான்.

— மார்லிஸ் போய்ச் சேர்ந்து அஞ்சு குளிர்காலம் ஆச்சு.

— தெரியும். அவளைக் குறை சொல்லலை, பாவம். காபிக்கொட்டை அரைக்கிற இந்த மரப்பெட்டி மிஷினையே எடுத்துக்கோ. கைப்பிடிக்கு அடியில இருக்கே திருகு, அது அவ வச்ச இடத்துலயே இருக்கு. நீ காபித்தூளை ஓட்டைத் தட்டுல போட்டுக் கொதிக்க வைக்கிற பெர்கோலேட்டருக்குக் கொரகொரன்னு இருக்கணும். எனக்கு நைசா வேணும். தினம் அரை சுத்து இறுக்கி எனக்கு அரைச்சுக்குவேன். அப்புறம் அரை சுத்து தளர்த்தி, அவ இடத்துலயே விட்டுட்டு வருவேன். ஜன்னல் திரையும் அப்படித்தான், நாற்காலியும் அப்படித்தான். விருந்துக்கு வந்தவ மாதிரி, தொட்டதையெல்லாம் பழையபடி வச்சு வச்சு எனக்குக் கை ஓஞ்சு போச்சு, வெர்ன்.

— இரு. இன்னிக்கும் அரை சுத்து இறுக்கினியா?

— ஆமா. ஏன், மிஷின் தேஞ்சு போயிடுமோ?

— பார்த்துத்தான் இறுக்கினியா?

— பார்க்கறதுக்கு அதுல என்ன கோடா இருக்கு, நம்பரா இருக்கு? எல்லாம் கைக்கணக்குதான்.

— அடக் கடவுளே.

— என்ன முகம் இது? அழறியா, சிரிக்கிறியா?

— போன ஞாயித்துக்கிழமை, சர்ச்சுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி, அந்தத் திருகை நான் இறுக்கிட்டேன். நீ அரைக்கும்போது பார்த்து வச்சிருந்தேன், அதே அரை சுத்து. அப்புறம் தொடவே இல்லை. அது இப்ப உன் இடத்துலதான் நிக்குது.

— அதுக்கு மேல நான் வேற இறுக்கி... அதான் மாவாப் போய் அடைச்சுக்கிச்சா? வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன கேடு உனக்கு?

— சொன்னா நீ விடமாட்டே. அவ வச்சது, இருக்கட்டும்னு சொல்லுவே. நீயா கண்டுபிடிச்சு சந்தோஷப்படுவேன்னு பார்த்தேன். நீ என்னடான்னா தினம் ஒரு வாய் குடிச்சுட்டு மூஞ்சியைச் சுளிச்சே. சரி, இவளுக்கு இங்க எதுவும் பிடிக்கலைன்னு நெனச்சுக்கிட்டேன்.

— நில்லு, நில்லு. நைசா அரைச்சதை உன் பெர்கோலேட்டர்ல போட்டா ஓட்டை வழியாத் தூளெல்லாம் இறங்கிடுமே. ஒரு வாரமா நீ என்னத்தைக் குடிச்சே?

— சேறு.

— பரவாயில்லைன்னு சொன்னியே, படுபாவி. உண்மையைச் சொல்லு, எப்படி இருந்துச்சு?

— சகிக்கலை, ஒடாலிஸ். நீ போனப்புறமும் அதையே குடிக்கலாம்னு இருந்தேன்.

— போய் அந்தப் பெட்டியை இறக்கு, கிழவா. இன்னிக்கு உனக்கு மார்லிஸ் அளவுல நான் அரைச்சுத் தரேன்.