நாற்பத்தேழாம் எண் எல்லைக்கல்

கரண்ட் வர இன்னும் நேரம் ஆகும். விளக்கைச் சின்னதாக்கி நடுவில் வையுங்கள். காஜா, நீ கதவோரம் உட்காராதே, இப்படி உள்ளே தள்ளி வா.

சாயங்காலம் ஆறு மணி. மாசி மாதம், அறுபத்தாறாம் வருஷம். சித்தேரிக்கு ஏறும் வண்டிப்பாதை. விறகு சுமந்தவர்கள் எல்லாரும் இறங்கிப் போய்விட்டார்கள். காற்று இல்லை. காய்ந்த மூங்கில் மட்டும் எங்கோ ஒரு தடவை படாரென்று வெடித்தது... அப்புறம் அதுவும் இல்லை.

அந்தப் பாதைக்கு மேலே, சரிவில் ஒருவர் நின்றிருந்தார். மதலைமுத்து. இதோ உட்கார்ந்திருக்கிறாரே நம் செபாஸ்டின், இவருடைய சித்தப்பா.

அப்போது சேலத்திலிருந்து தர்மபுரியைத் தனி மாவட்டமாகப் பிரித்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. படத்தில் கோடு போட்டாயிற்று. தரையில் கல் நட வேண்டும். மதலைமுத்து தற்காலிக சர்வேயர். அவருக்குக் கொடுத்த துண்டு முப்பத்தொன்றாம் கல்லிலிருந்து நாற்பத்தேழாம் கல் வரை. திங்கட்கிழமை காலை அளவுப் புத்தகத்தை ஒப்படைத்தால் வேலை நிரந்தரம். ஒப்படைக்காவிட்டால் அந்த மாதத்தோடு சரி. வீட்டில் லூர்துமேரிக்கு ஏழு மாதம். முதல் பிள்ளை.

அன்று சனிக்கிழமை. கல் ஏற்றி வந்த வண்டி பாதி மலையில் அச்சு முறிந்து நின்றுவிட்டது. நாற்பத்தாறு வரை நட்டாயிற்று. ஒரே ஒரு கல் குறைகிறது.

சரிவில் ஒரு கல்வட்டம் இருந்தது. இடுப்புயரக் கற்கள், வட்டமாக, நெருக்கமாக. நடுவில் மண் கொஞ்சம் மேடு. ஊரில் அதைப் பாண்டவர் வூடு என்பார்கள். மதலைமுத்துவுக்கு மட்டும் அது பழங்காலத்துச் சமாதி என்று தெரியும். ரஷ்யாவிலிருந்து வரும் படப் பத்திரிகை ஒன்றை அவர் சந்தா கட்டி வாங்கினார். அதில் கசாக்ஸ்தான் புல்வெளி. அச்சு அசலாக இதே போல ஒரு வட்டம். நடுவில் குழி, குழிக்குள் எலும்பு. சுற்றிலும் தொப்பி போட்டவர்கள் அளவு நாடாவைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பக்கத்தைக் கத்தரித்து அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தார்.

மத்தியானமே, சங்கிலி இழுக்கிற செயின்மேன் தீர்த்தகிரியும் வண்டிக்காரனும் கடப்பாரை போட்டு வட்டத்திலிருந்து ஒரு கல்லைப் பெயர்த்தார்கள். மண்ணுக்குள்ளிருந்து ஒரு வாடை வந்தது. மழை பெய்த மண் வாடை இல்லை... பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தால் வருமே, அது. கல்லைத் தூக்கிப்போய் மேலே நாற்பத்தேழுக்காகக் கொடி கட்டியிருந்த இடத்தில் நட்டார்கள். மதலைமுத்து உளியெடுத்து அவரே 47 என்று கொத்தினார். வண்டிக்காரன் கூலி வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டான்.

ஆறு மணிக்கு அளவு ஒன்றுதான் பாக்கி. நாற்பத்தாறிலிருந்து நாற்பத்தேழுக்குப் பத்துச் சங்கிலி தூரம். ஒரு சங்கிலி அறுபத்தாறு அடி. கோடு வட்டத்தின் நடுவே போகிறது. சங்கிலியின் பின்பிடியைப் பிடிக்கிற ஆள் ஆண்டி, மலைக்காரர். அவர் பிடியைக் கீழே வைத்துவிட்டார்.

"சார், இதும்மேல சங்கிலி போடாதீங்க. சுத்திக்கிட்டுப் போயிரலாமுங்க."

"சுத்திப் போனா கணக்குப் போடவே திங்கக்கிழமை சாயங்காலம் ஆயிரும். ஏன், போட்டா என்ன?"

"எங்க ஊருல ஆள் போயிட்டா மூங்கிக் குச்சியில அளவு எடுத்துத்தானுங்க குழி வெட்டுவோம். ஒருத்தர ஒரு தடவதான் அளக்கணும். மறுக்கா அளந்தா, எடம் மாத்தறாங்கன்னு எந்திரிச்சிருவாங்க. எந்திரிச்சா அந்தக் குழிக்கு வேற ஆளு வேணுமுங்க."

மதலைமுத்து சிரித்தார். "அடப் போய்யா. கசாக்ஸ்தான்ல இதே மாதிரி வட்டத்த நாடா போட்டு அளந்துட்டு, போட்டோவுக்குச் சிரிச்சிக்கிட்டு நிக்கறான். அவனுக்கு என்ன ஆச்சு?"

"எனக்கெப்படிங்க தெரியும்? போட்டோவுக்கு அப்பறம் என்ன ஆச்சுன்னு அதுல போட்டிருந்தாங்களா?"

தீர்த்தகிரி சிரித்துவிட்டான். ஆண்டி சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

பின்பிடியை மதலைமுத்துவே பிடித்தார். அந்த வேலை எப்படியென்றால், முன்னால் போகிறவன் கையில் பத்து இரும்பு ஊசி இருக்கும். முழ நீளம், தலையில் சிவப்புத் துணி. சங்கிலி விறைப்பாக நின்றதும் ஓர் ஊசியைக் குத்தி "ஆச்சு" என்று குரல் கொடுப்பான். பின்னால் வருகிறவர் அந்த ஊசியைப் பிடுங்கிக் கையில் சேர்த்துக்கொள்வார். ஊசிக் கணக்குதான் தூரக் கணக்கு. எங்கும் பிசகாது.

ஒன்று... ஆச்சு. இரண்டு... ஆச்சு. சங்கிலி சருகில் இழுபட்டு, பித்தளை வில்லைகள் கிணுங் கிணுங்கென்று போயின. ஐந்தாவது ஊசி வட்டத்துக்குள் இருந்தது. ஆறாவது வட்டத்துக்கு வெளியே. அதற்குள் இருட்டு இறங்கிவிட்டது. அறுபத்தாறு அடிக்கு அப்பால் தீர்த்தகிரி தெரியவில்லை. சங்கிலி மட்டும் விறைப்பாகப் போனது.

ஏழு. ஆச்சு. குரல் கம்மியிருந்தது. சளி பிடித்திருக்கும் என்று நினைத்தார்.

எட்டு... ஆச்சு. கையில் ஊசி சில்லென்றிருந்தது. பனி.

ஒன்பது... ஆச்சு. பத்தாவது ஊசிக்குச் சங்கிலி விறைத்தது. முன்னால்தான் விறைத்தது.

"ஆச்சு" என்ற குரல் அவருடைய பிடரிக்குப் பின்னால் கேட்டது.

அவர் திரும்பவில்லை. திரும்பக் கூடாது என்று உடம்புக்குத் தெரிந்திருந்தது. அதே பூட்டிய அறை வாடை. பத்தாவது ஊசியைப் பிடுங்கிக்கொண்டு, நாற்பத்தேழாம் கல்லைத் தொட்டுவிட்டு, சங்கிலியை அங்கேயே போட்டுவிட்டு, முள்ளோ கல்லோ பார்க்காமல் பாதைக்கு ஓடி இறங்கினார்.

பாதையில் தீர்த்தகிரி உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க சார் இவ்வளவு நேரம்?"

"நீ... நீ எப்படா எறங்குன?"

"ஆறாவது ஊசி குத்துனதும் நீங்கதானுங்க சங்கிலிய வெடுக்குனு இழுத்துக்கிட்டீங்க. சரி, இன்னைக்கு வேல முடிஞ்சிதுன்னு எறங்கிட்டேன். பாருங்க, மிச்சம் நாலு எங்கிட்டயே இருக்குது."

அவன் கையில் சிவப்புத் துணியோடு நான்கு ஊசி. மதலைமுத்து தன் கையை விரித்து, தீக்குச்சி கிழித்துப் பார்த்தார். பத்து. ஆறில் சிவப்புத் துணி. நான்கில் துணி இல்லை. தடியாக, சதுரமாக, கருந்துரு ஏறிய இரும்பு.

அந்த நான்கையும் பள்ளத்தில் வீசினார். கீழே விழுந்த சத்தம் கேட்கவில்லை.

ஞாயிறு காலை மாதா கோயில் பூசைக்குப் புறப்படும்போது லூர்துமேரி கூப்பிட்டாள். "ஏங்க, தொட்டில் கட்டப் போற எடத்துல எதுக்குங்க ஆணி அடிச்சு வெச்சிருக்கறீங்க?"

உத்தரத்துக்கு நேர் கீழே, மண் தரையில், நான்கு மூலைக்கு நான்கு ஊசி, பள்ளத்தில் வீசிய அதே கருந்துரு இரும்பு. அவர் அளந்து பார்த்தார். சர்வேயர் இல்லையா, அளக்காமல் இருக்க முடியவில்லை. நீளம் ஒரு முழம், இரண்டு விரல்.

பிடுங்கிக் கிணற்றில் போட்டார். திங்கட்கிழமை அளவுப் புத்தகத்தில் பத்துச் சங்கிலி என்று எழுதி ஒப்படைத்தார். வேலை நிரந்தரமாயிற்று. வைகாசியில் பெண் குழந்தை பிறந்தது. அடைக்கலமேரி. பிரசவம் பார்த்த நர்ஸம்மாவின் கையிலிருந்து வாங்கியதும் அவர் நூல் வைத்து அளந்தார். ஒரு முழம், இரண்டு விரல்.

அன்று ராத்திரியே மலைக்கு ஆள் கூட்டிக்கொண்டு போனார், கல்லைப் பிடுங்கித் திரும்ப வட்டத்தில் வைக்க. முடியவில்லை. அதற்குள் அடியில் சிமெண்ட் போட்டுப் பூசியிருந்தார்கள். அது இப்போது சர்க்கார் எல்லைக்கல். தொட்டால் ஜெயில். முறைப்படி மனுப் போட்டார். கல் இரண்டு மாவட்டத்துக்கும் பொது, அந்தப் பக்கத்துச் சம்மதம் வேண்டும் என்று இந்தப் பக்கத்து ஆபீசிலிருந்து பதில் வந்தது. அந்தப் பக்கத்து ஆபீசிலிருந்தும் அதே பதில். எட்டு வருஷத்தில் பதினேழு மனு. நகலெல்லாம் தேதி வாரியாக வைத்திருக்கிறார்.

ஒவ்வொரு மாசியிலும் அந்தச் சனிக்கிழமை விடிந்தால் நான்கு ஊசி. பிள்ளை வளர வளர அவையும் தள்ளித் தள்ளி நிற்கும். அவள் உயரத்துக்கு ஒரு விரல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பாப்பாரப்பட்டிக்கு மாற்றலாகி வீடு மாறினார். பங்குச் சாமியாரைக் கூட்டிவந்து மந்திரிக்கச் செய்தார். அங்கே சிமெண்ட் தரை. ஊசி சிமெண்ட்டில் நின்றது. சுற்றிலும் ஒரு கீறல் இல்லை.

"அந்தப் பொண்ணு இப்ப நல்லா இருக்குதா?" காஜா விளக்கைப் பார்த்தபடியே கேட்டான்.

செபாஸ்டின்தான் பதில் சொன்னார். "மூணாவது படிக்கறா. எல்லாத்துலயும் முதல் மார்க்கு. போன சனிக்கிழமை நான் அங்கதான் இருந்தேன்."

"ஊசி... வந்துதா?"

"வந்துது. எப்பவும் போல நாலு மூலைக்கு நாலு." அவர் விளக்குத் திரியை இன்னும் கொஞ்சம் இறக்கினார். "இதுநாள் வரைக்கும் ஊசி மட்டுந்தான் இருக்கும். இந்தத் தடவ நடுவுல சிமெண்ட்டக் காணோம். ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணு எடுத்திருந்துது... எடுத்த மண்ண ஓரமா, ஒழுங்கா, குவிச்சு வெச்சிருந்துது."