நெல் மறையும் வித்தைக்கு ஒரு வசனம்

ஹலோ… ஹலோ, டெலிபோன் எக்ஸ்சேஞ்சுங்களா?… மலரு, நீதானா! நான்தான்… நான்தாம்மா, தங்கையன்… எந்தத் தங்கையனா? ஏண்டி, தாலி கட்டுனவன் குரலு கூடவா தெரியல உனக்கு!… சரி சரி, டூட்டியில உக்காந்துக்கிட்டு சிரிக்காத. சூப்பர்வைசரம்மா இருக்காங்களா?… சாப்புடப் போயிட்டாங்களா? நல்லதாப் போச்சு.

ஆமா, மிராசு வீட்டுலேருந்துதான் பேசுறேன். பேரனுக்குக் காதுகுத்துன்னு வித்தை காட்டக் கூப்புட்டாங்கள்ல… கணக்குப் பாக்குற ரூம்புல போன் இருக்கு… இல்ல, திருட்டுத்தனமா இல்ல. அவங்களேதான் பேசிக்கச் சொன்னாங்க. எனக்கும் அதிசயமாத்தான் இருக்கு.

கேளு. நீ எழுதிக் குடுத்த வசனத்துல ஒரு வம்பு வந்துடுச்சு… மறக்கல! ஒரு எழுத்து விடாம சொன்னேன். அதுதான் வம்பே. அந்த நெல்லு மறையுற வித்தை… ஆமா, ஆமா, படி நெறைய நெல்லைக் கொட்டி, துணி போட்டு மூடி, கவுத்துக் காட்டுனேன். ஒரு மணி நெல்லு இல்ல. கைத்தட்டல் பிரமாதம். அப்புறம் நீ எழுதுனபடியே, 'தம்பிங்களா, தங்கச்சிங்களா, இங்க இருந்த நெல்லை யாரு கொண்டுக்கிட்டுப் போனா?'ன்னு கேட்டேன்… நீ என்ன நெனச்சே? காக்கா, எலின்னு புள்ளைங்க கத்தும்னுதானே? கீழத்தெரு பூவம்மா மவ, இத்துனூண்டு இருக்கும், எழுந்திரிச்சு நின்னு, 'மிராசு கொண்டு போயிட்டாரு!'ங்குது.

சிரிக்காதன்னு சொன்னேன்ல… அங்கயும் இப்படித்தான் சிரிச்சாங்க. கீழத்தெரு சனம் மொத்தமும். மிராசு சிரிக்கல. மீசையத் தடவிக்கிட்டு என்னையே பாத்தாரு. காரியஸ்தர் காயாரோகணம் என் காதுக்கிட்ட வந்து, அந்தக் கேள்விய எடுத்துட்டு வேற வசனம் போடு, நீளமாப் போடுன்னாரு… ஆமா, நீளமா. அதான் அவர் சொன்ன வார்த்தை. வசனம் என் பொண்டாட்டிதாங்க எழுதுவான்னேன். அப்ப கூப்புட்டுக் கேளுன்னு போனைக் காட்டிட்டாரு.

எனக்கு எங்க வருது மலரு? கை எனக்கு, வாய் உனக்கு… ம், சொல்லு, எழுதிக்கிறேன்… 'நெல்லு புதுப்பொண்ணு மாதிரி…' ம்… 'கூட்டத்தைப் பாத்தா வெக்கம். முக்காடு போட்டுக்கும்…' அட, நல்லாருக்கே!… 'எல்லாரும் கண்ணை மூடிக்குங்க. எட்டிப் பாத்தா திரும்பி வராது…' ம், ம். கண்ணை மூடச் சொல்றது காரியஸ்தருக்கு ரொம்பப் புடிக்கும்…

இரு, இரு. வர்றாரு.

…தோ வந்துட்டேங்கய்யா. வசனம்தாங்க கேட்டுக்கிட்டு இருக்கேன்… இன்னும் எவ்வளவு நேரங்க?… பொழுது சாயிற வரைக்குமா! அய்யா, நான் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்கு ஒரு பீரியடு காட்டுறவன். கையில அவ்வளவு சரக்கு இல்லீங்க… இல்லீங்க, மறுத்துப் பேசல. என் வித்தைப் பொட்டியக் குடுத்தீங்கன்னா இதோட முடிச்சுக்கிட்டுக் கெளம்பிடுவேன்… உள்ள வச்சுப் பூட்டியிருக்கீங்களா? ஏங்க?… சரிங்க. சரிங்கய்யா. பண்றேங்க.

…போயிட்டாரு. மலரு, எனக்கு ஒண்ணும் சரியாப் படல. கீழத்தெரு சனத்தை என்னைக்காச்சும் இந்த வீட்டுப் பக்கம் அண்டவிட்டிருக்காங்களா? இன்னைக்குக் கொல்லையில பந்தலு, தலைவாழை இலை, பாயசம். கூலிச் சட்டம் கொண்டாந்த கட்சிக்காரரு முன்வரிசையில ரெண்டாந்தரம் பாயசம் வாங்கிக் குடிக்கிறாரு… ஆம்பளைங்களும்தான் வந்திருக்காங்க. எல்லாரும்… ஆமா, அதைத்தான் சொல்றேன். அறுத்து, அடிச்சுக் குவிச்ச நெல்லு. சர்க்கார் போட்ட கூலிய அளக்குற வரைக்கும் ஒரு மூட்டை நகரக்கூடாதுன்னு களத்தைச் சுத்தி வெயிலு பனி பாக்காம உக்காந்திருந்தாங்கல்ல? மிராசே களத்துக்குப் போயி, 'நல்ல நாளு, வந்து கை நனைங்க, நாளைக்கு நானே நின்னு அளக்குறேன்'னு கும்புட்டாராம். நம்பி வந்துட்டாங்க… இல்ல, களத்துல யாரும் இல்ல. எல்லாரும் இங்க வித்தை பாத்துக்கிட்டு…

என்னது? நீ போட்ட லைனா? எப்ப?… நேத்து சாயந்தரம்… யாருக்கு? கும்பகோணத்து லாரி ஷெட்டுக்கா?… மெதுவாச் சொல்லு, பக்கத்துல யாரும் இல்லியே?… வாய்க்கால் கரை வழியா… பந்தி முடிஞ்சப்புறம்… வெளியூர் ஆளுங்க, சாக்கோட… நல்லாக் கேட்டியா? காயாரோகணம் குரலா?…

அடப்பாவிங்களா.

மலரு, நான் என்ன பண்ணுவேன் வித்தையில? வலது கையப் பாக்க வச்சுட்டு இடது கையில வேலைய முடிப்பேன். வசனம் எதுக்கு? அவங்க வேற பக்கம் திரும்பாம இருக்கத்தானே. இங்க நான்தான்டி வலது கை. வித்தை காட்டுறது மிராசு. நீளமாப் போடு, நீளமாப் போடுன்னா இதுக்குத்தானா!

வெளிய வந்துடுறதா? எப்படி? பொட்டி பூட்டுல. வாசல்ல நாலு தடியனுங்க. கொல்லைப் படலையும் இழுத்துக் கட்டிட்டானுங்க, புள்ளைங்க வெயில்ல ஓடுமாம்! போன வருசம் மார்கழியில கூலி கேட்ட சனத்தைக் குடிசைக்குள்ள வச்சுக் கொளுத்துனதுக்கப்புறம், புள்ளகுட்டியோட சனத்தை உள்ள வச்சு அடைச்சாலே எனக்கு ஈரக்கொல நடுங்குது… தெரியும், இது அது இல்ல. நடுங்குதுன்னு சொல்றேன்.

…எழுந்து நின்னு சொல்லிடுறதா? எதை? உங்க நெல்லு போவுதுன்னா? அந்தத் தடியனுங்க வேட்டிக்குள்ள என்ன வச்சிருக்கானுங்களோ. ஆம்பளைங்க பாய்வாங்க, வெட்டுக்குத்து ஆயிடும், புள்ளைங்க நடுவுல மாட்டிக்கும். எனக்கு பயமா இருக்கு மலரு. ஆமா, பயந்தான். நான் தையக்கடை நடத்துற எடம் யாரோடது? மிராசோடது. உனக்குத் தெரியாததா? நாளைக்கே மிசினைத் தூக்கி ரோட்டுல வச்சுருவாரு… உன் வேலை மட்டும் என்ன? லைன்ல கேட்டதை வெளிய சொன்னேன்னு தெரிஞ்சா சீட்டுக் கிழிஞ்சிடும். அதை வச்சுத்தானே கஞ்சி குடிக்கிறோம்… ம்… ம்… திட்டாத. நான் சும்மா இருக்கேன்னா சொன்னேன்?

…என்னது?… புள்ளைங்களையா?… இரு, மறுபடி சொல்லு. 'நெல்லு மறையல, தம்பிங்களா…' ம்… 'அது பொறந்த எடத்துக்கே போயிடுச்சு…' ம்… 'களத்துல குவியலுக்குள்ள ஒளிஞ்சிருக்கு. யாரு மொதல்ல ஓடிப்போயி ஒரு கை அள்ளிக்கிட்டு வர்றாங்களோ, அவங்கதான் ராசா…'

யம்மா. மலரு.

…இல்ல, புரியுது. புள்ளைங்க ஓடுனா ஆத்தாக்காரிங்க பின்னாலயே ஓடுவாங்க. ஆத்தாக்காரிங்க ஓடுனா அப்பங்காரன் உக்காந்திருக்க மாட்டான். நல்ல நாளும் அதுவுமா புள்ளைங்களை எவன் அடிப்பான்?… படலா? அடியில நுழைஞ்சிடும், பெரியவங்க பிச்சுக்கிட்டுப் போயிடுவாங்க. வாய்க்கால்லயும் முழங்கால் தண்ணி கூட இல்ல… போய் நின்னாப் போதும்ங்குறியா? மொத்த ஊரும் களத்துல நின்னா ஒரு மூட்டையத் தூக்க முடியாது. ஆமா. ஆமா. சரிதான்.

ஆனா எல்லாரும் ஓடிடுவாங்க. நான்? நான் இங்கதானே நிக்கணும், காலிப்படியக் கையில வச்சுக்கிட்டு… அழுவல. காலையிலேருந்து கத்திக்கிட்டு இருக்கேன்ல… கேக்குதா உனக்கு? புள்ளைங்கதான். வித்தை, வித்தைன்னு தரையைத் தட்டுதுங்க. அந்தப் பூவம்மா மவ சத்தம் தனியாக் கேக்குது பாரு.

…சொல்றேன். சொல்லிடுறேன் மலரு. நீ சொன்ன மாதிரியே, ஒரு எழுத்து விடாம. ஆனா, லாரி அதுக்குள்ள வந்துட்டா…

இரு.

…தோ முடிச்சுட்டேங்கய்யா! வசனம் கெடைச்சிடுச்சுங்க… ஆமாங்க, நீளமாத்தாங்க. போன் உங்களுக்கு வேணுங்களா? யாருக்குங்க?… கும்பகோணத்துக்குங்களா… இன்னும் கெளம்பலீங்களா அது… சரிங்க, சரிங்க, எனக்கெதுக்குங்க அதெல்லாம். நானே கேட்டு வாங்கித் தர்றேங்க.

மலரு, காரியஸ்தரய்யாவுக்குக் கும்பகோணம் வேணுமாம். லாரி ஷெட்டு. லாரிய ஒடனே கெளப்பச் சொல்லணுமாம்… ம்… என்ன?… மலரு, வேணாம், கேளு. யோசிச்சு… ம்… ம்… சூப்பர்வைசரம்மா வந்தா என்ன சொல்லுவே… மலரு!

ஹலோ… ஹலோ… ஹலோ!

…அய்யா, லைன் செத்துப்போச்சுங்க… இந்தாங்க, நீங்களே காதுல வச்சுப் பாருங்க. இரைச்சல் கூட இல்லீங்க… தட்டிக்கிட்டே இருங்க, வந்தாலும் வரும்… நானுங்களா? நான் இங்க நின்னு என்னங்க பண்ணப்போறேன், புள்ளைங்க காத்துக்கிட்டு இருக்குதுங்க. போயி வித்தைய முடிச்சுடுறேங்க.